பத்தாவது விதி

எங்கள் பக்கத்தில் குழந்தை பேரைச் சொல்லி ஊற்றிய வோட்காவை எவனும் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். சாகக் கிடப்பவன்கூட உதட்டையாவது நனைத்துக்கொள்வான். என் அக்கா தெக்லாவின் மகளுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று ஒரே மேசையில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள்.

ஒருத்தர் தெயோஃபில் சர்னெட்ஸ்கி. எங்கள் சாரணர் படைத் தலைவர். ஜெர்மன்காரன் இருந்தவரை அவரை ஜெர்மன்காரன் தேடினான். அவன் ஓடியபின் ரஷ்யப் படையின் முதுகில் ஏறி வந்து உட்கார்ந்த புது அரசாங்கம் தேடியது. காட்டில் அவருக்குப் பெயர் நாரை. ஆளும் அப்படித்தான். நெடுநெடுவென்று வளர்ந்து, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பார். மாப்பிள்ளை வீட்டுத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லி அவரை அடுப்போரம் உட்காரவைத்திருந்தோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் கேட்கவில்லை, அந்தக் காலத்தில் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

இன்னொருத்தன் லூட்சியான் பியெலாக். பாதுகாப்புப் போலீஸில் துணை லெப்டினன்ட். சீருடை இல்லாமல், பழுப்புக் கோட்டில், தனியாக வந்திருந்தான். ஒரு காலத்தில் அவனும் நாரையின் படையில் அரைக்கால் சட்டை போட்ட பையன்.

வலென்டி மாமா பாட்டிலோடு மேசையைச் சுற்றி வந்தவர் லூட்சியானிடம் நின்றார். அவன் கிளாஸ் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான்.

"மன்னிக்கணும் மாமா. நான் குடிக்கிறதில்ல."

மேசையில் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"குடிக்கிறதில்லயா? புள்ள நல்லா இருக்க வேணாமா?"

"நல்லா இருக்கணும் மாமா. மனசார சொல்றேன்."

"மனசு கெடக்குது, வாயத் தொற! என்ன, வயித்துல புண்ணா?"

"இல்ல."

"பொண்டாட்டிக்குப் பயமா?"

"இன்னும் கல்யாணம் ஆகல மாமா."

"அதானே பாத்தேன். இப்படி ஒரு காய்ஞ்ச கட்டைய எவ கட்டுவா!"

எல்லோரும் சிரித்தார்கள். லூட்சியானுக்குக் காது மடல் சிவந்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. நான் நாரையைப் பார்த்தேன். அவர் கழுத்தை நீட்டி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இருந்த கிளாஸும் கவிழ்ந்துதான் கிடந்தது. அவரை மாமா ஒன்றும் கேட்கவில்லை. மாமாவுக்கு அவரைத் தெரியும், அவர் குடித்தால்தான் செய்தி.

சாரணர் சட்டத்தில் பத்து விதிகள். முதல் பேச்சே, சாரணன் வார்த்தையை நம்பலாம் என்பதுதான். கடைசிப் பேச்சு, பத்தாவது விதி: சாரணன் குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான். நானும் சாரணி. நாங்கள் அதை ஒப்பிப்போம். நாரை அதில் குடியிருந்தார். பதினைந்து வயதில், ரஷ்யாவோடு நடந்த இருபதாம் வருஷப் போரில், நம் படைக்குச் சைக்கிளில் செய்தி கொண்டுபோனவர். அப்புறம் பள்ளியில் பூகோள வாத்தியார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, படைதான் குடும்பம். ஜெர்மன்காரன் சாரணர் இயக்கத்தைத் தடை செய்தபோது, கொடியைச் சுருட்டித் தேனீப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, முகாமில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே காட்டுக்குள் துப்பாக்கியோடு போனார். போனவர் திரும்பவே இல்லை. போர் முடிந்தது என்று ரேடியோ சொன்னது, அவருக்கு முடியவில்லை. பதினோரு பையன்கள் இன்னும் அவரோடு காட்டில் இருந்தார்கள். அதில் ஒருவன் என் தம்பி ஃபெலெக்.

அந்த நாற்பத்தேழாம் வருஷக் குளிர் மனிதரைத் தின்றது. பையன்கள் உருளைக்கிழங்குக் குழியில் தூங்கினார்கள். ஃபெலெக்கின் இரண்டு கால்விரல்கள் கறுத்துவிட்டன. அப்போதுதான் அரசாங்கம் மன்னிப்பு அறிவித்தது. காட்டை விட்டு வாருங்கள், ஆயுதத்தைக் கீழே வையுங்கள், வீட்டுக்குப் போங்கள் என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். நாரை அதை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டார். "பேப்பர் நல்லா எரியுது," என்றார், அவ்வளவுதான். அதன் பிறகுதான் லூட்சியான், அவரிடம் நேரில் பேச வேண்டும் என்று என் மூலமாகச் சொல்லியனுப்பினான்.

விருந்துக்கு நடுவே இரண்டு பேரும் அக்காவின் சாமான் அறைக்குள் போனார்கள். நான் வாசலில் நின்று வெங்காயம் உரித்தேன். காவலுக்குக் காவல், கண்ணீருக்கும் காரணம் ஆயிற்று.

"ஏன் குடிக்கல?" முதல் கேள்வியே அதுதான். அரசாங்கம், மன்னிப்பு, ஒன்றும் இல்லை.

"பத்தாவது விதி, த்ரூஹு."

சாரணர்கள் தங்களுக்குள் அப்படித்தான் அழைத்துக்கொள்வோம். த்ரூஹு என்றால் தலைவரும் அண்ணனும் நண்பனும் ஒரே சொல்லில். பாதுகாப்புப் போலீஸ்காரன் வாயில் அதைக் கேட்டதும் என் கை நின்றுவிட்டது.

"உங்க ஆளுங்க நடுவுலயுமா?"

"சிரிக்கிறாங்க. 'பாதிரியாரே'ன்னு கூப்பிடுறாங்க. பழகிடுச்சு."

பிறகு கோட்டைத் திறந்து காட்டினான். உள்துணியில், இதயத்துக்கு நேரே, சாரணர் சிலுவை குத்தியிருந்தது.

அந்தச் சிலுவைக்கு ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போருக்கு முந்தைய முகாமில் லூட்சியானுக்குப் பதினான்கு வயது. பக்கத்துப் பண்ணையில் செர்ரி மதுவைத் திருட்டுத்தனமாக ஒரு வாய் குடித்துவிட்டான். நாரை படையை வரிசையில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் அவன் சிலுவையைக் கழற்றி எடுத்துக்கொண்டார். ஒரு வருஷம் அவன் வெறும் சட்டையோடு வரிசையின் கடைசியில் நின்றான். வருஷம் முடிந்த அன்று அதே வரிசையின் முன்னால் அவரே திரும்பக் குத்திவிட்டார். அவன் அழுத அழுகையைப் பெரிய பையன்கள் இன்றும் சொல்வார்கள்.

"அதோட வெல எனக்குத் தெரியும் த்ரூஹு," என்றான் சாமான் அறையில். "அதான் நான் வந்தேன். வேற எவன் வந்தாலும் நீங்க நம்ப மாட்டீங்க, எனக்குத் தெரியாதா?"

"பையனுங்க மேல எவனும் கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டாங்க. சாரணன் வார்த்தை."

"நாங்களும் இனிமே உங்க மேல கை ஓங்க மாட்டோம். சாரணன் வார்த்தை."

இடது கையை நீட்டி, சுண்டு விரலை விரித்து, எங்கள் வழக்கப்படி குலுக்கிக்கொண்டார்கள். நாரை வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. "வெங்காயம் பலமா இருக்கு பொக்னா," என்றார் என்னிடம்.

நானும் அவரோடு காட்டுக்குப் போனேன். பையன்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபெலெக்தான் முதலில் எகிறினான்.

"அரசாங்கத்த நம்பச் சொல்றீங்களா த்ரூஹு?"

"அரசாங்கத்த எவன்டா நம்பச் சொன்னான்? லூட்சியான நம்பச் சொல்றேன்."

"அவனும் அவங்க ஆளுதானே!"

"ஞானஸ்நான விருந்துல, ஊரே பாத்து சிரிக்குது, ஒரு சொட்டு தொடல. தட்டிக் கேக்க ஆளில்லாத எடத்துல விதியக் காப்பாத்துறவன் வார்த்தையையும் காப்பாத்துவான்."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். ஒருத்தன் குடிக்கவில்லை என்பதற்காகப் பதினோரு உயிரை அவன் கையில் கொடுப்பதா! ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பத்து விதியில் வளர்ந்தவர்கள். அது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது.

"அவன் வார்த்தை எனக்கு வேணாம்," என்றான் ஃபெலெக் கடைசியில். "உங்க வார்த்தைய குடுங்க. உங்களுக்காக வரேன்."

நாரை பதினோரு பேருக்கும் தனித்தனியாக இடது கையைக் கொடுத்தார்.

வந்தார்கள். ஆயுதங்களை நகரசபைக் கட்டடத்தின் முற்றத்தில் வைத்தார்கள். அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படியே நடந்தது. ஈஸ்டருக்கு ஃபெலெக் வீட்டில் இருந்தான். அம்மா சுட்ட இனிப்பு ரொட்டியைப் பாதிக்கு மேல் அவனே தின்றான். பூட்ஸைக் கழற்றாமல் கட்டிலில் தூங்கினான், அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாரை ஆற்றங்கரைப் பக்கம் தையல்காரர் வீட்டு மாடியில் அறை எடுத்தார். திரும்பவும் பூகோளம் சொல்லிக்கொடுக்க வேலை கிடைக்குமா என்று விசாரித்தார். தெருவில் லூட்சியானைப் பார்த்தபோது "விழித்திரு!" என்று சாரணர் வணக்கம் சொன்னார். அவனும் சொன்னான்.

மே மாதம் ஒரு காலையில் மூன்று லாரிகள் வந்தன. அம்மா வாத்துகளுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். ஃபெலெக் சன்னல் வழியாகக்கூடக் குதிக்கவில்லை. அவனைக் கொண்டுபோகும்போது, "தப்பா வந்திருக்காங்க அக்கா. த்ரூஹுகிட்ட சொல்லு, அவர் பேசிக்குவார்," என்றான்.

மதியத்துக்குள் பதினோரு பேரையும் அள்ளிவிட்டார்கள். நாரையின் தெருவுக்கு மட்டும் லாரி போகவில்லை.

அவர் நேரே பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார். வாசலில் இருந்த சிப்பாய் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "வாங்க சர்னெட்ஸ்கி ஐயா! உங்க ஒத்துழைப்புக்கு நன்றி!" என்றான்.

"என்னையும் உள்ள போடு."

"உங்களுக்கு மன்னிப்பு கெடச்சாச்சு. போய் ரெஸ்ட் எடுங்க."

மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும் மரியாதை கூடியது. ஒரு நாள் காரில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள், தையல்காரர் தெரு முழுக்கப் பார்க்க.

ஊர் வாயை மூட முடியுமா? ரொட்டிக் கடைக்காரி அவரைப் பார்த்ததும் பலகையை இறக்கிக் கடையை மூடினாள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பாதிரியார் ஒவ்வொரு கதவிலும் சாக்கட்டியால் ஆசீர்வாதம் எழுதிவிட்டுப் போவார். அந்தத் தையல்காரர் வீட்டுக் கதவில் இருந்ததை யாரோ ஈரத் துணியால் துடைத்துவிட்டார்கள். என் அம்மா அவரைத் தேவாலயப் படியில் மறித்தாள்.

"என் புள்ள எங்க?"

"அம்மா, நான்..."

"உன் வார்த்தைக்காகத்தானே வந்தான். உன் வார்த்தைக்காக! நீ மட்டும் வெளிய இருக்க, அவன் மட்டும் உள்ள. எப்படி இது, ஒரு வாத்தியார்தானே நீ, எனக்குப் புரியற மாதிரி சொல்லு!"

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா அந்தத் தொப்பியைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள். அவர் அதை எடுக்காமலே நடந்தார்.

மறு வாரம் நான் ஃபெலெக்குக்குத் துணி கொடுக்க முடியுமா என்று அலைந்துவிட்டு ரயில் நிலையம் வழியாக வந்தேன். நிலைய உணவகத்தின் சன்னலோரம் லூட்சியான். தோள்பட்டையில் புது நட்சத்திரம். முன்னால் உப்பில் ஊறிய மீன், அதற்கு முன்னால் பாட்டில். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். கிளாஸைத் தூக்கி, என் ஆரோக்கியத்துக்கு என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டான். சிகரெட்டையும் பற்றவைத்தான்.

ஓடிப்போய் நாரையிடம் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த ஆப்பிள் துண்டை மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது நின்றது.

"குடிச்சானா?"

"குடிச்சான்."

"உதட்ட நனைச்சானா, முழுசா குடிச்சானா?"

"த்ரூஹு! என் தம்பி உள்ள கெடக்கான்! உங்க ஆளு எத்தன வாய் குடிச்சான்னு நான் எண்ணிக்கிட்டா இருப்பேன்?"

அதுவரைக்கும், லாரி வந்த பிறகும், ஆள் பிடித்த பிறகும், அவர் லூட்சியானைச் சந்தேகப்படவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையன் மாட்டிக்கொண்டான், மேலே இருப்பவர்கள் அவனையும் ஏமாற்றிவிட்டார்கள், உள்ளே எங்கேயோ எங்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்திருந்தார்! ஆள் அப்படியே கட்டிலில் சரிந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவரே எங்கள் வீட்டு வேலிக்கு வந்தார். சவரம் செய்து, சட்டையைத் துவைத்துப் போட்டிருந்தார். சட்டையில் இருந்த சிலுவையைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இது உன்கிட்ட இருக்கட்டும். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்தான் நான் சாரணன்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"கை ஓங்க மாட்டேன்னு வார்த்தை குடுத்திருக்கேன்ல. அவன் ஒடைச்சிட்டான்னா நானும் ஒடைக்கலாம்னு இல்ல. சாரணனா இருக்கிற வரைக்கும் என் வார்த்தை என் வார்த்தைதான்." கொஞ்சம் சிரித்தார். "அதனால முதல்ல அத விட்டு வெளிய வரணும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. அவர் பின்னாலேயே போனேன்.

நிலைய உணவகத்தில் மதியக் கூட்டம். ரயில்வேக்காரர்கள், இரண்டு கன்னியாஸ்திரீகள், கோழிக்கூடையோடு ஒரு கிழவர். நாரை நேராக லூட்சியான் மேசையில் போய் உட்கார்ந்தார். நான் கதவருகே நின்றேன்.

"த்ரூஹு!" லூட்சியான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "தப்பா நெனச்சுக்காதீங்க, அன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருந்ததுக்குத்தான் இந்த நட்சத்திரம். ரொம்பக் கஷ்டமான நாள். அந்தக் கெழவன் வேற விட மாட்டேங்குறான்."

"சிலுவை?"

"நாப்பது பையனுங்க முன்னாடி கழட்டுனீங்களே. ஒரு வாய் செர்ரித் தண்ணிக்கு ஒரு வருஷம்! திரும்பக் குத்தினா எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சீங்களா? அழுதேனே, எதுக்கு அழுதேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

நாரை பாட்டிலை எடுத்தார். தண்ணீர் கிளாஸில் விளிம்பு வரை ஊற்றினார். உணவகமே திரும்பிப் பார்த்தது, அவரைத் தெரியாதவர் அங்கே யார்? நாற்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக, மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பாதியில் புரையேறி இருமினார், சட்டையெல்லாம் சிந்தியது. யாரோ கைதட்டினார்கள். மீதியையும் குடித்தார். கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து, இடது கையால், சாமான் அறையில் குலுக்கிய அதே கையால், லூட்சியான் முகத்தில் ஓங்கி அறைந்தார். நாற்காலியோடு விழுந்தான். கூடையில் இருந்த கோழிகள் கத்தின.

இந்தத் தடவை அவரை உள்ளே போட்டார்கள்.

நான் தெருவில் நின்று சிரித்தேன், உண்மையாகவே சிரித்தேன். இனி எல்லாம் சரி, பையன்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைப் பார்த்தாலே உண்மையைத் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஃபெலெக்கைப் பார்க்க விட்டபோது நடுவில் இரண்டு கம்பி வலை, வலைகளுக்கு நடுவே காவலாளி. நான் நாரை பெயரை எடுத்ததும் அவன் எழுந்து போய்விட்டான். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறை, "அந்தப் பேர எடுத்தா வராத," என்று சொல்லியனுப்பினான். கோர்ட்டில் நாரை எல்லா உத்தரவும் தன்னுடையது என்றார், பையன்களின் தலை தப்பியது. இலையுதிர் காலத்தில் சிறை முற்றத்தில் அவரைச் சுட்டார்கள். உடலைக் கொடுக்கவில்லை.

ஃபெலெக் ஐம்பத்தாறில் வந்தான். ஒன்பது வருஷம். முன்பல் இரண்டு இல்லை. அக்கா வீட்டில்தான் விருந்து, அந்த அதே மேசை. ஞானஸ்நானம் வாங்கிய குழந்தை இப்போது எல்லோருக்கும் வெள்ளரி ஊறுகாய் பரிமாறியது. வலென்டி மாமா ஃபெலெக் கிளாஸில் ஊற்றினார்.

"குடிடா. இப்பவுமா பத்தாவது விதி?"

ஃபெலெக் கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். கீழே வைத்தான்.

"இதே நாத்தம்தான்," என்றான். "அவர எங்க அறைக்குள்ள தள்ளுனப்ப."

அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"எங்கள விசாரிச்சவன் தெனமும் சொல்வான், உங்க நாரை எங்ககூட உக்காந்து குடிக்கிறாருடான்னு. நாங்க நம்பல. காறித் துப்புவோம். அடி வாங்குவோம். எவ்வளவு அடிச்சாலும் நம்பல. அன்னிக்குக் கதவத் தொறந்து உள்ள தள்ளுறாங்க. நேரா நிக்க முடியல அவரால. சட்டையெல்லாம் வோட்கா. 'விழித்திரு'ன்னாரு. பதினோரு பேரும் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டோம்."

"யாருமே பதில் சொல்லலயா?"

"நான் சொன்னேன். 'என்ன த்ரூஹு, யாரோட ஆரோக்கியத்துக்கு?'ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் போய் மூத்திர வாளிப் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. மூணு நாள் எங்ககூட இருந்தாரு. யாரும் பேசல. கோர்ட்டுல அப்படிச் சொன்னாரே, அதுவும் நாடகம்னுதான் நெனச்சோம். சுட்டுட்டாங்கன்னு சொன்னப்பகூட, இல்ல, வேற பேருல எங்கயோ சொகமா வச்சிருக்காங்கன்னு பந்தயம் கட்டினோம்."

அப்போதுதான் நான் சொன்னேன். வேலி, சிலுவை, மத்தியானம், கிளாஸ், இருமல், அறை, கோழிகள், எல்லாவற்றையும். ஒன்பது வருஷமாகக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் போகாத சொற்கள் நான்கு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டன.

ஃபெலெக் தட்டைத் தள்ளி வைத்தான்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல," என்றான். "மூணு நாள் இருந்தாரே அக்கா. ஒரே ஒரு வார்த்தை. 'சாரணன் வார்த்தை, நான் உங்கள விக்கல'ன்னு ஒண்ணே ஒண்ணு."

"எதை வச்சுடா சொல்லுவாரு? அத என்கிட்டதானே குடுத்துட்டு வந்தாரு."

அலமாரியிலிருந்து சிலுவையை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் கை நீட்டவில்லை. கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டான். மாமா என்ன செய்வதென்று தெரியாமல் ஏற்கெனவே நிறைந்திருந்த கிளாஸிலேயே இன்னும் கொஞ்சம் ஊற்றினார். வோட்கா வழிந்து மேசைத் துணியில் பரவி சிலுவை வரைக்கும் வந்தது.

"எடுத்துரு அக்கா," என்றான் ஃபெலெக். "நனைஞ்சிரப் போகுது."